நெல்லைப் பக்கம் சர்வேயர் ஆக: படிப்பிலிருந்து முதல் தனி வேலை வரை

நில அளவைத் தொழிலுக்கு வர நினைக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எந்த டோட்டல் ஸ்டேஷன் வாங்கலாம்?" என்றுதான். டோட்டல் ஸ்டேஷன் என்பது கோணத்தையும் தூரத்தையும் சேர்த்து அளக்கும் கருவி. அதை வாங்குவது கடைசியில் வர வேண்டிய கேள்வி. இந்தத் தொழிலில் முதலில் பதிவேடு, அப்புறம் கல், அதற்குப் பிறகுதான் கருவி. இந்த வரிசை மாறினால் மில்லிமீட்டர் சுத்தமாக அளந்து, தப்பான எல்லையைக் காட்டிவிட்டு வருவீர்கள்.

கீழே உள்ளது திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடிப் பக்கம் இருந்து இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்காக எழுதியது. மற்ற மாவட்டத்தாருக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

1. எந்தப் பாதை என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள்

அரசு நில அளவர் வேலை ஒன்று, தனியார் சர்வேயர் வேலை இன்னொன்று. படிப்பு ஒன்றுதான், அதிகாரம் வேறு.

புல எண்ணை உட்பிரிவு செய்வது, புலப்படத்தை (புல எண்ணுக்கு உள்ள அரசு அளவுப் படம்) திருத்துவது, அரசுப் பதிவேட்டின்படி எல்லை காட்டிக் கல் நடுவது எல்லாம் நில அளவை மற்றும் நிலவரித் திட்டத் துறையின் வேலை. தனியார் சர்வேயர் அளந்து வரைபடம் கொடுக்கலாம், மனை பிரிக்கலாம், சாலைக்கும் காற்றாலைக்கும் குவாரிக்கும் அளக்கலாம். அவர் வரைந்த படத்தால் பட்டா மாறாது.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. வேலை கிடைத்த ஜோரில் "நான் அளந்து தந்தால் தாலுகா ஆபீஸில் ஏத்துக்குவாங்க" என்று வாக்குக் கொடுத்து மாட்டிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர்.

இடைப்பட்ட வழி ஒன்றும் உண்டு. உரிமம் பெற்ற நில அளவர்களை ஒப்பந்த முறையில் துறையே எடுத்துப் பயன்படுத்துவது உண்டு. அதற்கான அறிவிப்பு வருகிறதா என்று மாவட்ட நில அளவை அலுவலகத்தில் அவ்வப்போது கேட்டு வையுங்கள்.

2. படிப்பு

பத்தாம் வகுப்பில் கணக்கும் அறிவியலும் தேறியிருந்தால் ஐடிஐயில் சர்வேயர் பிரிவில் சேரலாம். சிவில் டிராஃப்ட்ஸ்மேன் பிரிவும் பக்கத்துப் பாதைதான். அடுத்தது பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு சிவில் டிப்ளமோ. அதற்கு மேல் பி.இ. சிவில், அல்லது கிண்டி பொறியியல் கல்லூரியில் ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ்.

பேட்டை அரசு ஐடிஐ போன்ற இடங்களில் ஆண்டுக்கு ஆண்டு எந்தெந்தப் பிரிவு நடக்கிறது என்பதை நேரில் போய்க் கேட்டு விண்ணப்பிப்பது நல்லது. பிரிவின் பெயரை மட்டும் பார்த்துச் சேர்ந்துவிட வேண்டாம். பட்டறையில் டோட்டல் ஸ்டேஷன் இருக்கிறதா, அதை மாணவர் கையில் கொடுக்கிறார்களா என்று அங்கே படிக்கிற பையன்களிடம் கேளுங்கள்.

அரசு வேலைதான் குறி என்றால் என் ஆலோசனை டிப்ளமோ அல்லது ஐடிஐ. நில அளவர் பணிக்குத் தேர்வாணையம் (டி.என்.பி.எஸ்.சி.) கேட்கும் அடிப்படைத் தகுதி அந்த மட்டத்தில்தான் இருக்கிறது. பி.இ. மட்டும் முடித்தவர்கள் அறிவிப்பில் கல்வித் தகுதிப் பத்தியை வரி விடாமல் படியுங்கள். பெரிய படிப்பு இருந்தால் சின்னத் தகுதி தானாக அடங்கிவிடும் என்று நினைத்து விண்ணப்பித்துவிட்டு, சான்றிதழ் சரிபார்ப்பில் திரும்பி வரக் கூடாது.

3. அலகு: கருவிக்கு முன்னால் இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

புதியவர்கள் தடுக்கி விழும் முதல் இடம் இதுதான். பதிவேடு ஹெக்டேர், ஏர் கணக்கில் பேசும். பத்திரம் ஏக்கர், சென்ட். மனை சதுர அடி. வயலில் நிற்கும் பெரியவர் விதை நெல்லின் அளவை வைத்து மரக்கால் விதைப்பாடு, கோட்டை விதைப்பாடு என்பார்.

மனப்பாடமாக இருக்க வேண்டியவை: 1 ஏக்கர் 100 சென்ட், 1 சென்ட் 435.6 சதுர அடி, அதாவது 40.47 சதுர மீட்டர். 1 ஏர் 100 சதுர மீட்டர், அதாவது 2.47 சென்ட், 1 ஹெக்டேர் 100 ஏர்.

பட்டாவில் "0 - 4.50" என்று இருந்தால் அது 0 ஹெக்டேர், 4.50 ஏர். சென்ட்டில் சுமார் 11. இதை 0.45 ஹெக்டேர் என்று படித்து 111 சென்ட் என்று சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. பதினோரு சென்ட்காரர் முகம் ஒரு நிமிடம் மலரும். அப்புறம் உங்கள் பேரை அந்த ஊரில் யாரும் மறக்க மாட்டார்கள்.

பழைய புலப்படங்களில் நீளம் லிங்க் கணக்கில் இருக்கும். கண்டர் சங்கிலி 66 அடி, 100 லிங்க். ஆக ஒரு லிங்க் 0.66 அடி, 20.1168 செ.மீ. 20 மீட்டர் மெட்ரிக் சங்கிலியில் லிங்க் சரியாக 20 செ.மீ. இரண்டும் ஒன்றுதானே என்று 250 லிங்க்கை 50 மீட்டர் ஆக்கினால் 29 செ.மீ. காணாமல் போகும். நெல்லை டவுனில் ஒரு சுவர்த் தகராறுக்கு அது தாராளம்.

விதைப்பாட்டுக் கணக்கை மட்டும் நீங்களாகச் சென்ட்டுக்கு மாற்றாதீர்கள். ஊருக்கு ஊர் மரக்கால் அளவு வேறு. பத்திரத்திலும் பதிவேட்டிலும் உள்ள பரப்பையே எடுங்கள்.

4. பதிவேடு படிக்கப் பழகுதல்

இதற்கு ஆறு மாதம் ஒதுக்கினாலும் தகும். காசு செலவில்லை. பட்டா, சிட்டா, அ-பதிவேடு (ஊரின் ஒவ்வொரு புல எண்ணுக்கும் வகைப்பாடும் பரப்பும் எழுதிய பதிவேடு), புலப்படம், நகர நில அளவைப் பதிவேடு எல்லாவற்றையும் அரசின் இ-சேவைத் தளத்திலேயே எடுத்துப் பார்க்கலாம்.

சொந்தக்காரர் அல்லது நண்பர் வீட்டு நிலம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அ-பதிவேட்டில் அந்தப் புல எண்ணுக்கு என்ன வகைப்பாடு என்று பாருங்கள்: நஞ்சையா, புஞ்சையா, நத்தமா, புறம்போக்கா. முதலில் இதைப் பார்க்கச் சொல்வது, வாய்க்கால் புறம்போக்கையோ ஓடையையோ பட்டா நிலம் என்று நம்பி அளக்கப் போகாமல் இருக்க. தாமிரவருணிப் பாசனப் பக்கம் கன்னடியன் கால்வாய், கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய் என்று எங்கே திரும்பினாலும் ஒரு வாய்க்கால் கரை வரும். கரை முழுக்க வாழை நிற்கும். பதிவேட்டைப் பார்க்காதவருக்கு அது யாரோ ஒருவருடைய தோட்டம்.

அடுத்து புலப்படம். ஒரு புல எண்ணுக்கு ஒரு படம். எல்லையில் கல்லுக்குக் கல் ஓடுவது எஃப்-லைன். கற்களைக் குறுக்கே இணைத்துப் புலத்தை முக்கோணங்களாகப் பிரிப்பது ஜி-லைன். கோட்டின் மேல் இத்தனை மீட்டர் போய், இடது அல்லது வலது பக்கம் செங்குத்தாக இத்தனை மீட்டர் என்று வளைவுகளைக் குறித்திருப்பது ஆஃப்செட். அந்த எண்களை ஏணிப் படி மாதிரி அடுக்கியிருப்பதால் அதற்கு லேடர் என்றே பெயர்.

இப்போது அந்தப் படத்தை வெள்ளைத் தாளில் 1:1000 அளவில் நீங்களே கையால் வரையுங்கள். முதலில் ஜி-லைன், பிறகு எஃப்-லைன், கடைசியாக ஆஃப்செட். வரைந்து முடித்ததும் முக்கோணம் முக்கோணமாகப் பரப்பைக் கணக்கிட்டுப் பதிவேட்டுப் பரப்போடு ஒப்பிடுங்கள். 30, 40, 50 மீட்டர் பக்கமுள்ள முக்கோணம் 600 சதுர மீட்டர், 6 ஏர், சுமார் 14.8 சென்ட். இப்படி ஒன்றை வாய்க்கணக்காகச் சரிபார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள்.

கணினியில் வரையாமல் கையால் வரையச் சொல்வது வேண்டுமென்றேதான். கையால் வரையும்போது ஒரு எண் பொருந்தாவிட்டால் கோடு முட்டாது, உடனே தெரியும். ஒரு இருபது புலம் இப்படி வரைந்தவருக்கு, வயலில் நின்று படத்தைப் பார்த்ததுமே எந்தக் கல்லிலிருந்து தொடங்குவது என்று பிடிபட்டுவிடும்.

பத்திரம் படிப்பதில் இரண்டு கண்ணிகள். ஒன்று, செக்குபந்தி, அதாவது நான்கு எல்லை விவரம். "இன்னார் நிலத்துக்குத் தெற்கு" என்று எழுதியிருந்தால், அந்த இன்னார் நம் நிலத்துக்கு வடக்கே இருக்கிறார். அதைத் தெற்கெல்லை என்று குறித்துக்கொண்டு வந்து, படத்தையே தலைகீழாகப் பிடித்து நிற்பவர்களைப் பார்க்கலாம். இரண்டு, எண்ணும் பெயரும். மாநகராட்சிப் பகுதியில் பத்திரம் பழைய புல எண்ணைச் சொல்லும், பதிவேடு வார்டு, பிளாக், நகர அளவை எண் என்று சொல்லும். இரண்டையும் இணைக்கும் ஒப்பீட்டைத் தாலுகாவில் வாங்காமல் இடத்துக்குப் போகாதீர்கள். 1986-ல் தூத்துக்குடி பிரிந்தது, 2019-ல் தென்காசி பிரிந்தது. நடுவில் பத்துப் பதினோரு வருடம் நம் மாவட்டத்துக்கு நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் என்று பெயர். பத்திரத்தில் உள்ள மாவட்டமும் வட்டமும் இன்று வேறாக இருக்கலாம், அதனால் எந்த அலுவலகத்தில் கேட்பது என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

5. செயின்மேனாக நில்லுங்கள்

படிப்பு முடிந்ததும் அனுபவமுள்ள ஒரு சர்வேயரிடம் டேப் பிடிக்க, பிரிஸம் (டோட்டல் ஸ்டேஷனின் ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடி) பிடிக்கப் போங்கள். சம்பளம் குறைவுதான். ஆனால் கண் பழகுவது இங்கேதான்.

சேர நல்ல காலம் பங்குனி, சித்திரை. பிசானப் பருவ நெல் அறுத்து வயல் காய்ந்து கிடக்கும். வரப்பும் கல்லும் தெரியும், அளக்கும் வேலையும் அப்போதுதான் குவியும். கார் பருவ நடவு தொடங்கிவிட்டால் நஞ்சையில் கால் வைக்க விட மாட்டார்கள். ஆனி, ஆடியில் புஞ்சைப் பக்கம் போனால் காற்று வேறு. வள்ளியூர், ராதாபுரம் பக்கம் ஸ்டாண்டு ஒரு இடத்தில் நிற்காது, நீட்டிய டேப் பாம்பாக நெளியும். அந்த மாதங்களில் விடிந்ததும் ஆரம்பித்து, காற்று ஏறுமுன் முக்கிய அளவுகளை முடித்துவிடுங்கள். வெயில் ஏறினால் கானல் அலையில் கருவிக்குள் தெரியும் இலக்கு நடுங்கும் என்பதால் கோடையிலும் இதே நேரம்தான்.

நிற்கும் இடத்தில் பேச்சும் கற்றுக்கொள்ளுங்கள். பக்கத்து நிலத்துக்காரர் வந்ததும் "வாங்க அண்ணாச்சி, நீங்களும் நின்னு பாருங்க, உங்க கல்லு எதுன்னு காட்டுங்க" என்று கூப்பிடும் சர்வேயரிடம் தகராறு பாதி குறைந்துவிடும். அவருக்குச் சொல்லாமல் அளந்தால், நீங்கள் போன மறுநாள் நீங்கள் அடித்த குறி ஆப்பும் போய்விடும்.

6. கல் தேடுதல்

தொழிலின் கடினமான பகுதி இது. எந்தக் கருவியும் இதைச் செய்து தராது.

படத்தில் உள்ள கற்களில் எது இன்னும் அசையாமல் இருக்க வாய்ப்பு அதிகம் என்று யோசித்துத் தொடங்குங்கள். மூன்று புலம் சேரும் மூலை, கிராம எல்லை, பாறையோரம் நல்லது. டிராக்டர் திரும்பும் வரப்பு முனை, ஜேசிபி வந்துபோன பாதையோரம் நம்பத்தக்கதல்ல.

ஒரு கல் கண்ணில் பட்டதும் அதையே ஆதாரமாக எடுத்துவிடாதீர்கள். நடுவயலில் மாடு கட்டும் கல்லும் உண்டு, யாரோ எங்கிருந்தோ பிடுங்கிக் கொண்டுவந்து நட்டதும் உண்டு. தலையில் கொத்திய குறி இருக்கிறதா, கல் நேராக நிற்கிறதா, அடிமண் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். புதிதாக நட்ட கல்லைச் சுற்றி மண் பொலபொலவென்று இருக்கும், நிறமும் மாறும்.

அதன்பிறகு குறைந்தது மூன்று கற்களைப் பிடித்து, அவற்றுக்கு இடையிலான தூரத்தை அளந்து படத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டு கல் போதாதா என்றால், போதாது. இரண்டு கல்லுக்கு இடையில் தூரம் தவறினால் எது நகர்ந்தது என்று தெரியாது. மூன்றாவது கல்தான் பொய்யைக் காட்டிக்கொடுக்கும்.

காணாமல் போன கல்லுக்கு, உறுதியான இரண்டு கற்களிலிருந்து படத்தில் உள்ள தூரத்துக்கு இரண்டு டேப்பை நீட்டி வெட்டும் இடத்தைப் பிடியுங்கள். மூன்றாவது கல்லிலிருந்து சரிபாருங்கள். அந்த இடத்தில் கடப்பாரையால் மெல்லக் குத்திப் பாருங்கள். பல வயல்களில் கல் எங்கேயும் போயிருக்காது, வண்டல் ஏறி முழங்கால் ஆழத்தில் கிடக்கும். மண்ணில் இறங்கும் கடப்பாரை "ணங்" என்று நின்றால் கையால் தோண்டுங்கள், மண்வெட்டி போட வேண்டாம். கல்லின் தோள் உடைந்தால் ஆதாரமும் உடைந்தது. திருச்செந்தூர்ப் பக்கம் தேரிக்காட்டில் மணல் நகரும் என்பதால் அங்கே இன்னும் ஆழம் போக வேண்டியிருக்கும்.

கல் கிடைக்காத இடத்தில் தனியார் சர்வேயர் அரசுக் கல் மாதிரி ஒன்றை நடக் கூடாது. ஆப்பு அடித்துச் சுண்ணாம்பு போட்டு, "இது நான் அளந்து காட்டிய புள்ளி" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். கல் வேண்டுமென்றால் நிலத்துக்காரர் இணையவழியில் அல்லது இ-சேவை மையத்தில் எல்லை அளவீட்டுக்கு விண்ணப்பித்துக் கட்டணம் கட்டட்டும். அரசு நில அளவர் வருவார். தகராறு முற்றிவிட்டால் உரிமையியல் நீதிமன்றம், வழக்கறிஞர் ஆணையர், அவரோடு வரும் சர்வேயர் என்று அது வேறு வழியில் போகும். அதில் தலையைக் கொடுக்க வேண்டாம்.

7. கருவி

டேப், ரேஞ்சிங் ராட் (நேர்கோடு பிடிக்கும் கம்பு), கிராஸ் ஸ்டாஃப் (செங்கோணம் பிடிக்கும் கருவி) மூன்றாலும் ஒரு புலத்தை முழுதாக அளந்து முடித்த பிறகு ஆட்டோ லெவல் (மட்டம் பார்க்கும் கருவி), அதன்பின் டோட்டல் ஸ்டேஷன். இந்த வரிசைக்குக் காரணம், கருவி தரும் எண் அபத்தமாக இருந்தால் அது அபத்தம் என்று உங்களுக்கே தோன்ற வேண்டும்.

டோட்டல் ஸ்டேஷனில் புதியவர் செய்யும் பிழைகள் எப்போதும் ஒன்றேதான். பிரிஸம் மாறிலியை (தூரத்தில் சேர்க்கும் திருத்த அளவு) மாற்ற மறப்பது: ஒரு பிரிஸத்துக்கு 0, இன்னொன்றுக்கு -30 மி.மீ. என்று இருக்கும், கடன் வாங்கிய பிரிஸம் என்றால் கட்டாயம் பாருங்கள். காலையில் 30 மீட்டர் ஸ்டீல் டேப்பை நீட்டி ஒருமுறை ஒப்பிட்டால் தெரிந்துவிடும். அடுத்தது, பிரிஸம் கம்பை உயர்த்திவிட்டுக் கருவியில் உயரத்தை மாற்றாமல் விடுவது. மூன்றாவது, கிளம்பும் முன் பின்நோக்குப் புள்ளியை (திசை பிடிக்க முதலில் பார்த்த தெரிந்த புள்ளி) திரும்ப ஒருமுறை பார்க்காமல் ஸ்டாண்டை மடக்குவது. சுற்றளவை மூடினால் உள்கோணங்களின் கூட்டு நாற்கரத்துக்கு 360, ஐங்கரத்துக்கு 540 பாகை வர வேண்டும். அதை வயலிலேயே கூட்டிப் பார்த்துவிட்டு வண்டியில் ஏறுங்கள்.

டிஜிபிஎஸ், ரோவர் (செயற்கைக்கோள் வழியாக இடம் அளக்கும் கருவிகள்) பழகும்போது நம் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. யூடிஎம் என்ற வரைபடக் கட்ட முறையில் மண்டலம் 43-ம் 44-ம் 78 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் பிரிகின்றன. பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், நாங்குநேரி, ராதாபுரம் எல்லாம் 43. தூத்துக்குடி, திருச்செந்தூர் 44. பாளையங்கோட்டையில் ஈஸ்டிங் (கிழக்கு நோக்கிய மீட்டர் எண்) 8 லட்சத்தை ஒட்டி வரும், திருச்செந்தூரில் 2 லட்சத்துக்கும் கீழே. ஒரே சாலை வேலை இரண்டு பக்கமும் ஓடினால், தொடக்கத்திலேயே ஒரு மண்டலத்தை நிலைநிறுத்தி எழுதி வையுங்கள்.

மண்டலத்தின் ஓரத்தில் இருப்பதால் இன்னொன்று: பாளையங்கோட்டைப் பக்கம் யூடிஎம் தூரம், நிலத்தில் டேப் காட்டும் தூரத்தைவிடக் கிலோமீட்டருக்கு 70 செ.மீ. வாக்கில் கூடுதலாக வரும். 200 மீட்டருக்கு 14 செ.மீ. புலப்படத்தோடு ஒப்பிடும்போது நிலத் தூரத்துக்கு மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள்.

உயரம் மைனஸில் வந்தால் பயப்படாதீர்கள், கருவி கெடவில்லை. அது நீள்வட்டக உயரம், அதாவது பூமியின் கணித வடிவத்திலிருந்து அளந்தது. தென்கோடியில் அதற்கும் கடல்மட்ட உயரத்துக்கும் 90 மீட்டர் வாக்கில் வித்தியாசம். கடல்மட்ட உயரம் தெரிந்த பெஞ்ச் மார்க்கில் இணைக்காமல் அந்த எண்ணை வாய்க்கால் வேலைக்குக் கொடுத்துவிடக் கூடாது.

செல்போன் செயலியில் வரப்பைச் சுற்றி நடந்து பரப்பு சொல்வதை மட்டும் விட்டுவிடுங்கள். போன் ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளும். பத்து மீட்டர் அகல மனையில் அது என்ன பரப்பு சொல்லும் என்று நீங்களே யோசியுங்கள்.

8. ட்ரோன் பற்றி ஒரு வார்த்தை

ஆசை இருந்தால் ரிமோட் பைலட் சான்று எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். பறக்கவிடும் முன் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் வான்பகுதியைப் பாருங்கள். விஜயநாராயணம் கடற்படைத் தளம், கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரி விண்வெளி வளாகம் எல்லாம் நம் மாவட்டத்திலேயே இருக்கின்றன. எல்லைத் தகராறுக்கு ட்ரோன் படம் உதவாது. தென்னந்தோப்புக்குக் கீழே இருக்கும் கல் மேலிருந்து தெரியாது.

9. முதல் தனி வேலை

வேலையை ஒப்புக்கொள்ளும் முன் பட்டா, பத்திரம், வில்லங்கச் சான்று மூன்றையும் வாங்கிப் படியுங்கள். பட்டா கூட்டுப்பட்டாவாக இருந்து, ஒருவர் மட்டும் "என் பங்கை அளந்து பிரித்துக் கொடு" என்றால், எல்லோரும் கையெழுத்திட்ட பின் வருகிறேன் என்று சொல்லுங்கள்.

கூலியைச் சென்ட் கணக்கில் பேசாமல் நாள் கணக்கில் பேசுவதே என் வழக்கம். பத்து சென்ட்டுக்குக் கல் தேட ஒரு பகல் ஆகலாம். காய்ந்த புஞ்சையில் பத்து ஏக்கர் அரை நாளில் முடியலாம். பாதியை முன்பணமாக வாங்குங்கள். அளவு தனக்குச் சாதகமாக வரவில்லை என்றால் மீதியைத் தராமல் இழுக்கும் ஆட்கள் உண்டு.

வரைபடத்தில் வடக்கு, அளவுகோல், எந்தெந்தக் கல்லை ஆதாரமாக எடுத்தீர்கள், பதிவேட்டுப் பரப்பு, நிலத்தில் அளந்த பரப்பு, தேதி எல்லாம் இருக்க வேண்டும். இரண்டு பரப்பும் வேறாக வந்தால் வேறாகவே எழுதுங்கள். ஒன்றை மற்றொன்றுக்குப் பொருந்தும்படி இழுத்துக் காட்டுவதுதான் புதியவர்களின் பெரிய பிழை. பதிவேட்டில் பிழை என்று தோன்றினால் வருவாய்த் துறையில் மனு செய்ய வேண்டியவர் நிலத்துக்காரர். அதைக் கிளம்பும் முன் அவரிடம் வாயால் சொல்லி, படத்திலும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

10. தேர்வாணையம்

2022-ல் நில அளவர், வரைவாளர் பணிகளுக்கு 1089 இடங்கள் அறிவித்தார்கள். அதற்குப் பின் இந்தப் பணிகள் ஒருங்கிணைந்த தொழில்நுட்பப் பணிகள் தேர்வில், டிப்ளமோ, ஐடிஐ நிலையில் வருகின்றன. பாடத் தாள் ஒன்று, தமிழ்த் தகுதித் தேர்வும் பொது அறிவும் சேர்ந்த தாள் ஒன்று. தமிழில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்றது எவ்வளவு எடுத்தும் பயனில்லை. பாடத்தில் வல்லவர்கள் கவிழ்வது இங்கேதான், அதனால் தமிழைக் கடைசி மாதத்துக்குத் தள்ளாதீர்கள்.

பாடத் தாளுக்கு, நான்காம் பகுதியில் சொன்ன கையால் வரையும் பயிற்சியே பாதித் தயாரிப்பு. சங்கிலி, காம்பஸ், பிளேன் டேபிள், லெவலிங் கணக்குகளை ஐடிஐ பாடநூலிலிருந்தே போட்டுப் பாருங்கள், வழிகாட்டி நூல்களில் விடைகள் தவறாக இருப்பது உண்டு. செயின்மேனாக நிற்கும் காலத்திலேயே ராத்திரி ஒரு மணி நேரம் இதற்கு வைத்துக்கொள்ளலாம். ஐடிஐ தேசியச் சான்றிதழ், சாதிச் சான்று, தமிழ்வழிச் சான்று மூன்றையும் அறிவிப்பு வருமுன் எடுத்து வையுங்கள். வந்த பிறகு இ-சேவை மையத்தில் கூட்டம் தாங்காது.